பண்டிகை விருந்தில் பேச்சு ஓடவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யலாம்

வருடத்தில் ஒரு நாள் மொத்தக் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. என்ன சமைப்பது என்ற பேச்சு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். யார் பக்கத்தில் யார் உட்காருவது, சாப்பிடும்போது என்ன பேசுவது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. சொந்தக்காரர்கள்தானே, பேச்சு தானாக வரும் என்று விட்டுவிடுகிறோம். வராமல் போனால், "நம்ம ஆளுங்களுக்கே கலகலப்பு கிடையாது" என்று பழியை ஆட்கள்மேல் போட்டுவிட்டு, அடுத்த வருடமும் அதே இடத்தில் அதே மாதிரி உட்காருகிறோம்.

விளக்கு எரியாவிட்டால் எடுத்தவுடன் வயரிங்கைப் பிரிப்பதில்லை. சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்ப்போம். பேச்சுக்கும் அப்படித்தான். உட்கார்ந்த இடம், சுற்றியுள்ள சத்தம், கேட்ட கேள்வியின் வடிவம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், ஆட்களைத் திருத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம்.

எதையும் தொடுவதற்கு முன்

டிவியை அணைத்துவிடுங்கள். சத்தத்தைக் குறைத்துவைத்தால் போதாது. அசையும் படம் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். மேசை நடுவில் பூச்சாடியோ உயரமான பாத்திரமோ இருந்தால் ஓரமாக நகர்த்துங்கள். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாவிட்டால் பேச்சு பக்கத்து நாற்காலியைத் தாண்டாது.

இருக்கை விஷயத்தில் இரண்டு சூத்திரங்கள் போதும். அமைதியானவருக்கு நேர் எதிரே அவருக்குப் பிடித்த ஒருவரை உட்கார வையுங்கள். முட்டிக்கொள்ளும் இருவரை ஒரே வரிசையில், நடுவில் ஓர் ஆளை விட்டு உட்கார வையுங்கள். நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் சண்டை போடக் கழுத்தைத் திருப்ப வேண்டும். பாதிப் பேருக்கு அந்தச் சிரமமே போதும், விட்டுவிடுவார்கள்.

அறிகுறி: யாரும் பேசவில்லை, கரண்டிச் சத்தம்தான் கேட்கிறது

சாப்பிட உட்கார்ந்த முதல் பத்து நிமிடமா? அப்படியானால் இது கோளாறே இல்லை, பசி. விட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் நீடித்தால் பார்க்கலாம். மௌனம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து பார்த்தார்கள். ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதில் தொடங்கும் இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். இவ்வளவு வேகத்துக்குப் பழகிய காதுக்கு மூன்று நான்கு நொடி மௌனமே ஒரு யுகமாகத் தோன்றும். உடனே யாராவது பதறிப்போய் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடுவார்கள். அப்படி வருவதுதான் "அப்புறம், வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

மௌனத்தை உடைக்க ஊரையே கூப்பிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். எட்டுப் பேரைப் பார்த்து "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்றால் எட்டுப் பேரும் இன்னொருவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். ஒருவரின் பெயரைச் சொல்லி, ஒரு சின்ன விஷயத்தைக் கேளுங்கள். "சித்தி, வர்ற வழியில ரொம்ப நேரம் நின்னுட்டீங்களாமே, என்ன ஆச்சு?" பயணக் கதை சாதாரணமானதுதான். ஆனால் கேட்பவர்களில் பலரும் அன்று பயணம் செய்து வந்தவர்கள் என்பதால், அவரவர் கதையும் பின்னாலேயே வரும்.

அறிகுறி: கேள்வி கேட்டால் ஒரே வார்த்தையில் பதில்

அதிகம் கண்ணில் படும் கோளாறு இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"எப்படிப்பா இருக்கே?"
"நல்லா இருக்கேன் மாமா."
"காலேஜ் எப்படிப் போகுது?"
"போகுது மாமா."

மாமாவுக்கு, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுவதே இல்லை" என்ற வருத்தம். உண்மையில் பையன் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறான். மாமா கேட்டது நிலவரம். நிலவரத்துக்குப் பதில் ஒரு வார்த்தைதான். நிகழ்ச்சியைக் கேட்டால்தான் கதை வரும்.

"காலேஜ் எப்படிப் போகுது?" என்பதை "இந்த வருஷம் எந்த வாத்தியார் கிளாஸுக்கு மட்டும் கட் அடிக்காமப் போறே?" என்று மாற்றிப் பாருங்கள். "வேலை எப்படி?" என்பதற்குப் பதிலாக "உன் ஆபீஸ்ல ஒரு நாளைக்கு உன்னை அதிகம் கூப்பிடுற ஆள் யாரு, எதுக்குக் கூப்பிடுறாங்க?" புது வீடு மாறியவரிடம் "வீடு எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். "புது வீட்டுல முதல் நாள் ராத்திரி எதைக் காணோம்னு தேடினீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் ஓடும். நான் சோதித்துப் பார்த்தது இது. அன்றைக்குத் தேடியது தலையணை, கிடைத்தது மூன்றாம் நாள்.

கேள்வி நன்றாக இருந்தும் பேச்சு நின்றுபோகிறதா? அடுத்த கேள்வி வேறு திசையில் போயிருக்கும். 2017இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உரையாடல்களை ஆராய்ந்தபோது, அதிகம் கேள்வி கேட்பவர்களை எதிராளிக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று கண்டார்கள். அதிலும் முக்கியமானவை தொடர் கேள்விகள், அதாவது இப்போது சொன்ன பதிலில் இருந்தே கிளம்பும் கேள்விகள். வேலை, கல்யாணம், வீடு, வண்டி என்று வரிசையாகக் கேட்பது படிவம் நிரப்புவதுபோல ஆகிவிடும். "தலையணையா? அப்போ ராத்திரி எதை வெச்சுப் படுத்தீங்க?" என்பதுதான் பேச்சு.

அதற்கும் ஒரு வார்த்தைதான் வருகிறதா? அவருக்கு இப்போது பேச விருப்பமில்லை. விட்டுவிட்டு, உங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லுங்கள். அதுவும் நீங்கள் அசடு வழிந்த கதையாக இருந்தால் நல்லது. பிறகு அவராகவே வருவார். வராவிட்டாலும் பாதகமில்லை, சிலர் கேட்பதற்காகவே வருகிறவர்கள்.

அறிகுறி: ஒரே ஆள் பேசிக்கொண்டே இருக்கிறார்

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பா உண்டு. யார் எதைத் தொடங்கினாலும் இரண்டாவது வாக்கியத்தில் அது அவர் கதையாகிவிடும். "முதுகு வலிக்குது" என்றால் "எனக்கும் அப்படித்தான், போன வருஷம்..." என்று தொடங்குவார். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் டெர்பர் இந்தப் பழக்கத்தைக் கவனித்து, இரண்டு வகைப் பதில்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று பேசுபவரிடமே பேச்சை விட்டுவைக்கும்: "எப்போதிருந்து வலிக்குது?" மற்றொன்று பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இழுப்பவர்களில் பலருக்குத் தாம் இழுக்கிறோம் என்பதே தெரியாது. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைப்பார்கள்.

அவரை நிறுத்த முயலாதீர்கள், முடியாது. திருப்பிவிடலாம். அவர் கதையிலிருந்தே ஒரு நூலை எடுத்து, பெயர் சொல்லி இன்னொருவரிடம் கொடுங்கள். "பெரியப்பா, நீங்க அந்த டாக்டரைப் பத்திச் சொன்னதும் ஞாபகம் வருது. அத்தை, நீங்களும் ஒரு தடவை டாக்டர்கிட்ட சண்டை போட்டீங்களே, அது என்ன?" பெரியப்பாவை யாரும் வெட்டவில்லை, அவர் கதைதான் தொடர்கிறது, ஆனால் பேசுவது அத்தை. இதில் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "வேற யாருக்காவது இப்படி ஆச்சா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரியப்பாவே பதில் சொல்வார்.

இன்னொரு வழி, மரியாதைக்குரிய ஒரு வேலை கொடுப்பது. பரிமாறவோ, பழைய ஆல்பத்தை எடுத்துவரவோ அவரை அனுப்பலாம். ஐந்து நிமிடம் கிடைக்கும்.

அறிகுறி: பேச்சு இரண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்துவிட்டது

பதற வேண்டாம், இது இயல்பு. 1995இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் டன்பாரும் சகாக்களும் பொது இடங்களில் பேசிக்கொண்டிருந்த கூட்டங்களை எண்ணிப் பார்த்தபோது, ஓர் உரையாடலில் சுமார் நான்கு பேருக்குமேல் நிலைப்பதில்லை என்று கண்டார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் அது உடையத் தொடங்குகிறது. பன்னிரண்டு பேரை ஒரே பேச்சில் கட்டி இழுப்பது இயற்கையோடு மல்லுக்கட்டுவது. "எல்லாரும் இங்கே கவனிங்க" என்று கரண்டியால் தட்டுவதை ஒரு முறைக்குமேல் செய்யாதீர்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் யாராவது அநாதையாக மாட்டிக்கொண்டார்களா? தலையை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, எதிலும் சேராமல் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு வாக்கியத்தில் நடப்பதைச் சொல்லி இழுத்துக்கொள்ளுங்கள். "நாங்க தாத்தாவோட பழைய சைக்கிளைப் பத்திப் பேசிட்டிருக்கோம், உங்க வீட்டுல முதல் வண்டி என்ன?"

அறிகுறி: எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், புதிதாக வந்தவர் வாயே திறக்கவில்லை

மொழியியலாளர் டெபோரா டானன் 1978இல் அமெரிக்காவின் பெர்க்லியில் நடந்த நன்றிநவிலல் நாள் விருந்து ஒன்றின் பேச்சை முழுதாக ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். இரண்டு மணி நாற்பது நிமிடம், ஆறு பேர். அவர்களில் நியூயார்க் பின்னணி கொண்ட மூவர் வேகமாக, ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசினார்கள். அவர்களுக்கு அது ஆர்வத்தின் அடையாளம். மற்றவர்களோ ஒருவர் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். காத்திருந்த இடைவெளி வரவே இல்லை, அதனால் வாய்ப்பும் அவ்வளவாக வரவில்லை. டானனும் அந்த வேகக்காரர்களில் ஒருவர்தான்.

இந்தக் கோளாறில் குற்றவாளி கிடையாது. குடும்பத்துக்கு ஒரு வேகம் இருக்கும். புது மருமகளோ மாப்பிள்ளையோ வேறு வேகத்தில் வளர்ந்திருப்பார். அவர் கர்வக்காரர் என்று இவர்கள் நினைப்பார்கள், இவர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று அவர் நினைப்பார். இரண்டுமே தப்பு. அவர் மூச்சை இழுத்து வாயைத் திறந்து மூடுவதை யாராவது ஒருவர் கவனித்து, "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க" என்று இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ உரியது. அவர்கள்தான் அன்றைக்குத் தம் கூடப்பிறந்தவர்களோடு கதையடிப்பதில் மூழ்கியிருப்பார்கள்.

அறிகுறி: தாத்தா பாட்டி ஒதுங்கிவிட்டார்கள், அல்லது கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார்கள்

"வயசாயிடுச்சு, ஞாபகம் தடுமாறுது" என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைச் சந்தேகியுங்கள். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள். பேச்சில் மெல்லிய மெய்யொலிகள் பலவும் அந்த வகைதான். ஆகவே குரல் கேட்கும், வார்த்தை புரியாது. தனியாகப் பேசும்போது நன்றாகப் பதில் சொல்கிறவர் கூட்டத்தில் மட்டும் தடுமாறினால், காரணம் பாத்திரச் சத்தமும் நான்கு குரல் கலப்பும்தான். எத்தனை முறைதான் "என்ன சொன்னே?" என்று கேட்பது? ஒரு கட்டத்துக்குமேல் தலையாட்டிச் சிரித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

அவர்களை மேசையின் ஓரத்தில், முதுகுப்பக்கம் சுவர் இருக்கும்படி உட்கார வையுங்கள். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். ஒரு காதில் நன்றாகக் கேட்கும் என்றால் பேச்சுக்காரரை அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். கத்தாதீர்கள், கத்தினால் ஒலி சிதையும், கோபம்போலவும் தெரியும். முதலில் "தாத்தா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு நிதானமாகச் சொல்லுங்கள். புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வதைவிட வேறு வார்த்தையில் சொல்வது பலன் தரும். "ஒண்ணுமில்லே, விடுங்க" என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைவிட அவர்களை வெளியே தள்ளும் சொல் கிடையாது.

சரி, கேட்கிறது, என்ன கேட்பது? மூத்தவர்களுக்குத் தம் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரையிலான காலமே மற்றக் காலங்களைவிட அதிகம் நினைவில் நிற்கிறது என்பது உளவியலில் பலமுறை கண்ட விஷயம். ஆகவே "அந்தக் காலத்துல எல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று அகலமாகக் கேட்காமல், அந்த வயதுக்குள் குறி வையுங்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்? வீட்டுக்குத் தெரியாமல் எங்கே போய் மாட்டிக்கொண்டார்? இருபது வயதில் அவருடைய நெருங்கிய நண்பர் யார், கடைசியாக எப்போது பார்த்தார்?

குழந்தைகளும் இதைக் கேட்கட்டும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் "அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா?" என்பது போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. இதற்காகக் கேள்விப் பட்டியலை அச்சடித்துக்கொண்டு போய்விடாதீர்கள். மேசையில் காகிதத்தை எடுத்த கணமே பேச்சு பரீட்சையாகிவிடும்.

அறிகுறி: ஒரு கேள்வி கேட்டதும் ஒருவர் முகம் சுருங்கிவிட்டது

கல்யாணம், குழந்தை, சம்பளம், மதிப்பெண், உடம்பு பருமன். பட்டியல் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வருடம் தவறாமல் கேட்கிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வேறு கேள்வி கைவசம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வருடம் நானே அந்தப் பிழையைச் செய்தேன். தம்பி முறை உள்ள ஒருவனிடம், எல்லோர் முன்னாலும், "அடுத்த பிரமோஷன் எப்போ?" என்று கேட்டேன். அவனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவனுடைய அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: பதில் மோசமாக இருந்தால் இத்தனை பேர் முன்னால் அவரால் அதைச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அதைக் கேட்பதில்லை.

கேட்டுவிட்டீர்களா? நீளமாக மன்னிப்புக் கேட்டு எல்லோர் பார்வையையும் அவர்மேல் குவிக்காதீர்கள். உடனே உங்களைப் பற்றிய ஒரு விஷயத்துக்குத் தாவுங்கள். பிறகு தனியாகப் பார்க்கும்போது ஒரு வரியில் வருத்தம் சொல்லலாம்.

கேட்கப்பட்டவர் நீங்களா? விளக்கம் கொடுத்தால் அதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். "முடிவானதும் முதல் போன் உங்களுக்குத்தான் அத்தை. அது இருக்கட்டும், உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" என்று குட்டையாகச் சொல்லி, அவருக்குப் பேசப் பிடித்த ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது முறையும் கேட்டால் சிரிப்பு இல்லாமல், "இதைப் பத்தி இன்னைக்கு வேண்டாம் அத்தை" என்று சொல்வதில் தவறே இல்லை.

அறிகுறி: அரசியலோ சொத்தோ கிளம்பி, குரல் ஏறுகிறது

முன்னறிகுறி சொற்களில் தெரியும். "நீ எப்பவுமே", "உங்க ஆளுங்க", "அன்னைக்கே நான் சொன்னேன்" போன்றவை வந்துவிட்டால் பேச்சு விஷயத்தைவிட்டு ஆட்கள்மேல் திரும்பிவிட்டது. இந்தக் கட்டத்தில் நியாயம் பேசுகிறவர் எண்ணெய் ஊற்றுகிறார். "சரி, பேச்சை மாத்துங்க" என்று அதட்டுவதும் எடுபடாது. இருவரும் கடைசி வார்த்தை தமதாக இருக்க வேண்டும் என்றுதான் நிற்பார்கள்.

உடம்பால் குறுக்கே வாருங்கள். எழுந்து தண்ணீர் ஊற்றுங்கள், தட்டை எடுங்கள், இருவரில் ஒருவரை உதவிக்கு உள்ளே கூப்பிடுங்கள். ஆள் எழுந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். திரும்பி வந்து உட்காரும்போது யாராவது வேறு எதையோ பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதை இன்னொருவரிடம் முன்பே கண்ஜாடையில் சொல்லிவிடுங்கள்.

அரசியல் ஆறிவிடும், சொத்து ஆறாது. அதை மூடி மறைக்காமல், "இது பேச வேண்டியதுதான். வர்ற ஞாயித்துக்கிழமை நாம நாலு பேர் மட்டும் உட்காருவோம்" என்று நாள் குறித்துவிடுங்கள். தேதி இல்லாமல் "அப்புறம் பேசலாம்" என்றால் சாப்பாடு முடிவதற்குள் திரும்பக் கிளம்பும்.

அறிகுறி: இளசுகள் தலை நிமிரவில்லை, போன்

போன் மேசைமேல் சும்மா கிடந்தாலே நெருக்கமான பேச்சின் தரம் குறைகிறது என்று 2012இல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை காட்டியது. பெரியவர்களின் போனும் அந்தக் கணக்கில் சேரும். "பதினைந்து வயசுக்குக் கீழே உள்ளவங்க போனை வைங்க" என்ற சட்டம் ஒருநாளும் நிற்காது.

பிடுங்குவதைவிட, அந்த போனையே பேச்சுக்குள் இழுப்பது எளிது. போனில் பழைய குடும்பப் படம் ஒன்றைக் காட்டி, "இதுல இருக்கிறவங்கள்ல உனக்கு எத்தனை பேரைத் தெரியும்?" என்று கேளுங்கள். பெயர் தெரியாத முகத்துக்குப் பாட்டியிடம் போக வேண்டியிருக்கும். அங்கே இரண்டு தலைமுறை பேசத் தொடங்கிவிடும், நீங்கள் நகர்ந்துவிடலாம்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ அழுத்துகிறது

இந்த வருடம் ஒருவர் இல்லை. அவர் வழக்கமாக உட்காரும் இடத்தை எல்லோரும் பார்க்காமல் பார்க்கிறார்கள். பெயரைச் சொன்னால் பாட்டி அழுவார் என்று ஆளாளுக்குத் தவிர்க்கிறார்கள். பாட்டியோ, எல்லோரும் அதற்குள் மறந்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்.

தொடக்கத்திலேயே யாராவது ஒருவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும். துக்க உரை வேண்டாம். "அப்பா இருந்திருந்தா இந்நேரம் உப்பு பத்தலைன்னு சொல்லியிருப்பார்" என்ற ஒரு வரி போதும். சிரிப்போடு கொஞ்சம் கண்ணீரும் வரலாம், வரட்டும், யாரும் ஓடிப்போய்த் தடுக்காதீர்கள். நான் பார்த்தவரை, அந்தப் பெயர் ஒருமுறை வெளியே வந்த பிறகுதான் அந்த மேசையில் மற்றப் பேச்சும் ஓடத் தொடங்கும்.

அறிகுறி: சாப்பிட்டு முடித்தாயிற்று, யாரும் எழுந்திருக்கவில்லை, பேச்சும் தீர்ந்துவிட்டது

2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, இரண்டு பேருமே விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் சுமார் 2 சதவீதம்தான். அடுத்தவர் இன்னும் பேச விரும்புகிறார் என்று நினைத்து ஆளுக்கு ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் எழுந்து தட்டை எடுத்தால் போதும், பாதிப் பேர் நன்றியோடு கூடவே எழுவார்கள்.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு, அன்று அதிகம் பேசாத ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை, கைக்கு வேலை இருக்கிறது, இரண்டே பேர். மூன்று மணி நேரம் வாயைத் திறக்காதவர் அங்கே ஈரக் கையோடு நின்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்று ஆரம்பிப்பார்.